கவிழ்த்து வைத்த அட்டை

பார்ப்பவர்களுக்கு, கொக்கு என்று பெயர் விழுந்த அந்த நெட்டை மாணவன் தூங்குவது போலத்தான் இருந்தது. வாசிப்பறையின் கடைசி வரிசையில், ஜன்னலை ஒட்டிய மேசையில், விரித்த புத்தகத்தின் மேல் கன்னத்தை அழுத்தி, நீண்ட கைகளைத் தலையைச் சுற்றி வளைத்துப் போட்டிருந்தான். முழங்கைக்குப் பக்கத்தில் அவனுடைய அடையாள அட்டை கவிழ்ந்து கிடந்தது. அந்த விடுதியில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தூங்குகிறேன், எழுப்பாதீர்கள்.

தேர்வு நெருங்கினால் வாசிப்பறையிலேயே குடியேறிவிடும் பிள்ளைகள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட வழக்கம் அது. அட்டையைக் கவிழ்த்தவனைத் தொடக்கூடாது. அவன் அருகில் நாற்காலியை இழுக்கக்கூடாது. அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் மட்டும் மாலையில் வந்து மேசையை விரலால் தட்டி எழுப்புவார். நாள் முழுக்க 'உஷ்' என்பதைத் தவிர அதிகம் பேசாததால் அவருக்கு உஷ் அம்மா என்றே பெயர் விழுந்திருந்தது.

எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த வக்கீல் வெகுநேரமாக ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேதியியல் படிப்பவனுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவன் வாய். சாப்பாட்டுக்கூட ஒப்பந்தக்காரரிடமிருந்து முதல்வர்வரை யாரிடமும் யாருக்காகவும் வாதாடுவான். இப்போது அவன் கண் எழுத்தில் இல்லை. கொக்கின் சட்டை முதுகில் எழும்புகிறதா, தாழ்கிறதா என்பதில் இருந்தது. எழும்பியது. பிறகு ஏதோ மறந்துபோனதைப் போல நின்றது. வக்கீல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்த பிறகே மறுபடி எழும்பியது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில்தான் வக்கீலும் பூட்டும் அவனைக் கீழே கொண்டுவந்தார்கள். மூவரும் ஒரே அறைக்காரர்கள். அலமாரியைப் பூட்டிவிட்டு, பாதிப் படியிலிருந்து திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பவன் பூட்டு. கொக்கு யாரிடமோ வாங்கிய மாத்திரைகளைப் போட்டிருந்தான். முதலில் தூங்காமல் படிக்க, அப்புறம் படித்தது போதுமென்று தூங்க. படியில் இறங்கும்போது அவன் கால் நடக்கவே செய்தது. "என்னடா, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று குழறிச் சிரிக்கவும் செய்தான். அதனால்தான் இருவரும் தைரியமாக இருந்தார்கள். தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்று நினைத்தார்கள்.

அறையிலேயே தூங்கவிட்டிருக்கலாம். ஆனால் போதைப்பொருள் எந்த அறையில் பிடிபட்டாலும் அந்த அறையில் இருக்கும் எல்லோரும் கல்லூரியைவிட்டே போகவேண்டும் என்று போன பருவத்தில் விதி வந்திருந்தது. வாசிப்பறை யாருடைய அறையும் இல்லை. மாடிப் பையன்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள். 'அவனைப் படிக்க வெச்சாச்சு' என்றால் போதும், புரிந்துவிடும். அப்படிப் படிக்கவைக்கப்பட்டவர்கள் இதுவரை மாலையில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு போயிருந்தார்கள்.

அந்த விதிக்காக வாதாடியவன் வக்கீல். கல்லூரியின் போதைத் தடுப்புக் குழுவில் மாணவர் பக்கத்து உறுப்பினர் அவன். கூட இருப்பவனுக்குத்தான் முதலில் தெரியும், அவனுக்குப் பயம் இருந்தால் உடனே வந்து சொல்வான் என்று அவன் பேசியபோது மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். பயம் வந்தது. சொல்வதுதான் வரவில்லை.

இப்போது வாயைத் திறந்தால் அவன் படிப்பு போகும். தன்னுடைய வெல்டிங் பட்டறையில் மகனை நிறுத்திவிடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற அப்பாவிடம் சண்டை போட்டு அவனை இங்கே சேர்த்தது அக்கா. "உன்னை நம்பி அவர்கிட்ட வாயைக் கொடுத்திருக்கேன்டா, என் மானத்தை வாங்கிடாதே" என்று பேருந்து கிளம்பும்போதுகூடச் சொன்னாள். அந்தப் பட்டறையின் கரிந்த இரும்பு வாசனை இப்போது எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியது.

ஒரு ஈ கொக்கின் காதில் உட்கார்ந்தது. உள்ளே நடந்து போய்த் திரும்பி வந்தது. கொக்கு அசையவில்லை.

வக்கீல் அலமாரியில் புத்தகம் தேடுபவனைப் போல எழுந்து அவன் பக்கமாகப் போனான். குனிந்தபோது குறட்டை மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஆனால் அது தொண்டைக்குள் தண்ணீர் தேங்கியதைப் போல இழுத்தது. உதட்டின் ஓரம் மை தொட்ட மாதிரி நிறம் மாறியிருந்தது. தான் சொல்லாமலே யாராவது கண்டுபிடித்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று அந்தக் கணத்தில் தோன்றியது. அடையாள அட்டையை மெல்லத் திருப்பி வைத்தான். அதிலிருந்த புகைப்படத்தில் கொக்கு விறைப்பாக முழித்துக்கொண்டிருந்தான்.

திருப்பி வைத்த அட்டையைக் கண்டு உஷ் அம்மா நேராக வந்தார். வக்கீல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அவர் அட்டையைப் பார்த்தார், மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார், காற்றைச் செல்லமாகக் கோபித்துக்கொள்பவரைப் போலத் தலையை ஆட்டிவிட்டு அட்டையை மறுபடி கவிழ்த்து வைத்தார். கொக்கின் முகத்தில் வெயில் விழாமல் திரையை இழுத்துவிட்டார். போகிற போக்கில் வக்கீலிடம் குனிந்து, ராத்திரி முழுக்கக் கண்விழித்திருக்கும் பாவம், நாற்காலியை நகர்த்தாமல் உட்கார் என்று கிசுகிசுத்தார்.

திரை மூடியதும் உதட்டின் நிறம் நிழலில் கரைந்துபோயிற்று. இனி கிட்டே வந்தால்கூட யாருக்கும் தெரியாது.

வாசல் பக்கம் காவல் மாதிரி உட்கார்ந்திருந்த பூட்டு பூனைநடை போட்டு வந்தான்.

"அட்டையை ஏன்டா திருப்பின?"

"மூச்சு விட்டு விட்டு வருது. நீயே கேட்டுப் பார்."

"எல்லாருக்கும் அப்படித்தான் வரும். கொஞ்ச நேரம் பொறு. அவனா எழுந்துடுவான்."

"எழுந்திரிக்கலன்னா?"

பூட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தான். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கடைசியில், "எங்கம்மா செத்தே போயிடுவாங்கடா" என்றான். அம்மா என்று சொன்னாலும் அவன் பார்வை கொக்கின் மேல்தான் இருந்தது. சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டான்.

வக்கீல் சட்டையையே பார்த்தான். எழும்பியது. தாழ்ந்தது. நின்றது. இந்த முறை அவன் காத்திருந்தான். பக்கத்து மேசையில் யாரோ பக்கம் புரட்டினார்கள். இன்னொருவன் பேனாவை மூடினான். வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டே கடந்து போனது. சட்டை எழும்பவில்லை.

"அம்மா, இங்க வாங்க" என்றான் வக்கீல். அவன் குரல் அந்த அறையில் தட்டு விழுந்ததைப் போலக் கேட்டது. நாலாபக்கமிருந்தும் "உஷ்" என்றார்கள். தலை நிமிராமலேகூடச் சிலர் சொன்னார்கள்.

"அவன் தூங்கல. மாத்திரை போட்டிருக்கான். நாங்கதான் ரூம்லேர்ந்து கூட்டிட்டு வந்து உட்கார வெச்சோம்."

அதற்குப் பிறகு யாரும் உஷ் சொல்லவில்லை. உஷ் அம்மா ஓடிவந்து கொக்கின் தோளைப் பிடித்து உலுக்கினார். தலை பொம்மை மாதிரி சாய்ந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டு விலகின, நாலைந்து கைகள் சேர்ந்து அவனைத் தரையில் கிடத்தின. ஒருவன் ஆம்புலன்சைக் கூப்பிட்டான், இன்னொருவன் கல்லூரி மருந்தகத்துக்கு ஓடினான். அங்கிருந்து பையோடு வந்த செவிலியர் கொக்கின் மூக்கையும் வாயையும் மூடி ரப்பர் பையால் காற்றை அழுத்தியபடியே, என்ன மாத்திரை என்று கேட்டார். கலர் மட்டும் தெரியும் என்றான் வக்கீல்.

"கலரை வெச்சு நான் என்ன பண்ண? மாத்திரை அட்டை இருக்கா?"

வக்கீல் பூட்டைப் பார்த்தான். காலி மாத்திரை அட்டை பூட்டின் அலமாரியில் இருந்தது. குப்பையில் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அங்கே ஒளித்திருந்தான். அதைக் கொண்டுவந்தால் எந்த அறை என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். பூட்டு கழுத்துச் சங்கிலியில் தொங்கும் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு ஓடினான். திரும்பி வந்தபோது இரைத்தது. அலமாரியைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்திருந்தான்.

ஆம்புலன்ஸ் போன பின் வார்டன் வக்கீலைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. காய்ச்சலில் கிடப்பவனுக்குத் தானே கஞ்சி எடுத்துப்போகிற மனிதர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பையன் வாசிப்பறையில கிடந்தான். நீ பார்த்த, சத்தம் போட்ட. அவ்வளவுதான் நடந்தது. அந்தம்மா, நர்ஸ், உள்ளே இருந்த பசங்க எல்லார்கிட்டயும் நான் பேசிடறேன். என்ன?"

நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது போல இருந்தது வக்கீலுக்கு. அக்கா முகம் வந்தது. சரி சார் என்று சொன்னால் தேர்வு எழுதலாம். அப்போது மாடிப் படிக்கட்டின் வளைவில் இரண்டு பையன்கள் நின்று எட்டிப் பார்ப்பதைக் கண்டான். வார்டன் சொல்வது அவர்களுக்குக் கேட்டதோ என்னவோ, ஒருவன் மற்றவனை முழங்கையால் இடித்தான். இன்றைக்கும் வேலை செய்தது, நாளைக்கும் செய்யும் என்று அர்த்தம். நாளைக்கு இன்னொருவனை மேசையில் சாய்த்து, பக்கத்தில் அட்டையைக் கவிழ்ப்பார்கள்.

"ரூம்லயே சொல்லியிருந்தா மதியமே ஆம்புலன்ஸ் வந்திருக்கும் சார். நாங்க இங்க கூட்டிட்டு வந்ததாலதான் இவ்வளவு நேரம் ஆச்சு. அதைச் சொல்லணும்."

"சொன்னா மூணு பேரும் வெளியே. நீ பேசி வாங்கின ரூல்தான் அது."

"தெரியும் சார்."

தூணுக்குப் பின்னால் நின்ற பூட்டு வெளியே வந்தான். "என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்றான்.

"கேக்கல."

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதனாலதான் கேக்கல."

பூட்டு அவனை அடிக்கப் போகிறவன் மாதிரி நின்றான். அடிக்கவில்லை.

சாயங்காலம் முதல்வர் அறையில் குழு கூடியது. அதற்குள் மருத்துவமனையிலிருந்து தகவல் வந்திருந்தது. கொக்கு கண்ணைத் திறந்துவிட்டான். பெயரைக் கேட்டால் சொல்கிறான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பெயரைக் கேட்கவேண்டிய தேவையே இருந்திருக்காது என்று மருத்துவர் சொன்னாராம்.

முதல்வர் பழக்கதோஷத்தில் வக்கீலுக்கு வழக்கமான நாற்காலியைக் காட்டினார். அவன் உட்காரவில்லை. நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னான். 'படிக்க வைக்கிறது' என்றால் என்ன என்பதையும் சொன்னான். அதைக் கேட்டு ஒரு பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"பயந்தா சொல்லுவாங்கன்னு இங்க பேசினது நான். பயந்தோம் சார். சொல்லல."

"அப்போ விதியே வேணாங்கிறியா?" என்றார் முதல்வர். கோபத்தில் கேட்டதாகத் தெரியவில்லை. நிஜமாகவே கேட்டார்.

எதற்கும் பதில் வைத்திருக்கும் வக்கீல் பேச வாயெடுத்தான். அதற்குள் சாத்தியிருந்த கதவுக்கு வெளியே, தன் முறைக்காகக் காத்திருந்த பூட்டு யாருடனோ தொலைபேசியில் பேசுவது மெல்லக் கேட்டது.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் திட்டாம கேளு."

குழுவில் எல்லோருக்கும் அது கேட்டது. அந்தப் பக்கம் என்ன பதில் வருகிறது என்று தெரிந்துகொள்வதைப் போல அத்தனை பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.