ஹெஸ்டரின் கையெழுத்து

பிரதிநிதிகள் சபைத் தேர்தல் முடிந்த பிறகும் எங்கள் மாநிலத்தின் எட்டுத் தொகுதிகளில் ஒன்று மட்டும் முடிவு தெரியாமல் கிடந்தது. அது எங்கள் மூன்றாம் தொகுதி. ஆற்றுக்கு இக்கரையில் பேரிக்காய்த் தோட்டங்கள், அக்கரையில் கோதுமை. ஒருநாள் காலையில் வேட் ஹாஸ்கின்ஸ் முன்னால் இருப்பார், அடுத்த நாள் லியோனா ப்ரூ. தபாலில் வந்த வாக்குகளை இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் இடையே இருந்த வாக்கு வித்தியாசம் ஒரு சின்ன தேவாலயத்தை நிரப்பக் காணாது.

ஹால்வர் லோவ்டால் இதைக் கவனிக்கவில்லை. அவர் மனைவி ஹெஸ்டர் தேர்தலுக்கு முந்தின வாரம் இறந்துபோனாள். குளிர்சாதனப் பெட்டி முழுக்க அண்டை வீட்டார் கொண்டுவந்த பாத்திரங்கள். எது மேலே இருக்கிறதோ அதைச் சூடாக்காமல் சாப்பிட்டார். என்ன சாப்பிட்டோம் என்பது கழுவும்போதுதான் தெரியும், சில நாள் அதுவும் தெரியாது. தபால்கள் மேஜையில் சேர்ந்தன. அவர் பிரித்தது ஒன்றைத்தான். அதில் ஹெஸ்டரின் பெயர் இருந்தது. வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே வாக்காளர் இறந்துவிட்டதால் அவருடைய தபால் வாக்கு எண்ணப்படாது என்று கவுண்டி தேர்தல் அலுவலகம் எழுதியிருந்தது.

அவர் அழவில்லை. ஆனால் அந்த நாட்களில் அவருக்குள் எங்கேயாவது கொஞ்சம் வலித்தது என்றால் அது அந்தக் கடிதம் பட்ட இடத்தில்தான். ஹெஸ்டர் கோடை முழுவதும் லியோனா ப்ரூவுக்காகப் படுக்கையிலிருந்தே ஊராருக்குப் போன் செய்தாள். குரல் போன பிறகு அஞ்சலட்டை எழுதினாள். ஹால்வர் ஹாஸ்கின்ஸ் கட்சி. முப்பது வருஷமாக அப்படித்தான், அதில் சண்டை எதுவும் இல்லை. வாக்குச் சீட்டு வந்த அன்று, "இதப் போட்டுட்டேன்னா போதும், அப்புறம் என்ன ஆனாலும் சரி" என்றாள். தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து அவளை உட்காரவைத்து, இரண்டு உறைகளையும் கட்டில் மேஜையில் வைத்தவர் அவர்தான். அவள் தன் சீட்டைத் தன் முன்னால் இருந்த உறையில் போட்டு ஒட்டி, கையெழுத்திட்டாள். அவர் தன் முன்னால் இருந்ததில். பிறகு நூலகத்துக்கு வெளியே இருக்கும் வாக்குப் பெட்டியில் இரண்டையும் அவரே போட்டுவிட்டு வந்தார். பெட்டியின் வாய்க்குள் விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

ரஸ் டெல்வின் வந்தபோது அவர் சாப்பாட்டு மேஜையில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். பழம் கட்டும் கொட்டகையில் அவரோடு பல காலம் வேலை பார்த்தவன் ரஸ். ஹாஸ்கின்ஸ் கட்சிக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தான். உறையில் இருக்கும் கையெழுத்து அலுவலகத்தில் இருக்கும் பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று ஹால்வரின் வாக்கை நிறுத்திவைத்திருக்கிறார்களாம். அவரே போய் அது தன்னுடையதுதான் என்று உறுதி சொன்னால் எண்ணிவிடுவார்கள். இன்று சாயங்காலத்தோடு கெடு முடிகிறது.

ஹால்வர் விட்டுவிடு என்றார்.

"விடறதாவது. ஒரு ஓட்டுக்காக அந்த ஊர்க்கோடி வரைக்கும் போய், நாய் கடிக்க வந்து, திரும்பியிருக்கேன். நீ ஷூவ மாட்டு. மீதிய நான் பாத்துக்கறேன்."

மறுப்பதற்கும் ஏதோ ஒரு தெம்பு வேண்டியிருந்தது. ஹால்வர் ஷூவை மாட்டிக்கொண்டார். லாரியில் ரஸ் பேசிக்கொண்டே வந்தான். இந்த ஒரு தொகுதி போனால் மாநிலமே சரிபாதி ஆகிவிடும் என்றான். ஹால்வர் சாலையோரத்து மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். இலை எல்லாம் எப்போது உதிர்ந்தது என்று தெரியவில்லை.

அலுவலகக் கவுண்ட்டரில் டெலியா ஓகாம்போ என்ற பெண் இருந்தாள். ஹெஸ்டரின் அடக்கத்துக்கு வந்திருந்தவள். அதைச் சொல்லாமல், அவருடைய ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அதில் உறையின் படம். மேலே ஹால்வர் ஹெச். லோவ்டால் என்று அச்சு. கீழே கையெழுத்து.

முன்பக்கம் சாய்ந்து, கடைசியில் காற்றில் விட்டுவிட்டதுபோல் முடியும் கோடு. மளிகைச் சீட்டில், பிறந்தநாள் அட்டையில், வீட்டுப் பத்திரத்தில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில். இந்த முறை கோடு நடுங்கியிருந்தது.

"இது ஹெஸ்டர்" என்றார். சுவரில் மாட்டிய படத்தைக் காட்டி யார் என்று சொல்வதுபோல வந்துவிட்டது.

டெலியாவின் விரல்கள் தட்டச்சுப் பலகையில் நின்றன.

அதற்குப் பிறகுதான் அவருக்கு மற்றது புரிந்தது. கட்டில் மேஜையில் உறைகளை மாற்றி வைத்திருக்கிறார். ஹெஸ்டர் பெயரில் ரத்து செய்த உறைக்குள் இருப்பது அவருடைய சீட்டு. ஹெஸ்டரின் சீட்டு இதோ, அவர் பெயர் போட்ட இந்த உறைக்குள், பிரிக்காமல் இருக்கிறது. அவள் கை பட்டபடியே. அவர் ஒரு வார்த்தை சொன்னால் லியோனா ப்ரூவுக்கு ஒன்று கூடும்.

டெலியா பக்கத்துக் கவுண்ட்டரைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸ்டர் லோவ்டால், நீங்க சொன்னது எனக்குச் சரியா காதுல விழல. நான் இன்னொரு தடவ கேக்கறேன். இது உங்க கையெழுத்தா?"

சுவர்க் கடிகாரத்தின் கீழே நன்றி நவிலல் பண்டிகைக்காக யாரோ ஒட்டியிருந்த வான்கோழிப் படம் ஒரு பக்கம் பெயர்ந்திருந்தது. சூடேற்றும் குழாய் சத்தமிட்டு நின்றது. அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் அது அவருடையது என்று ஆகிவிடும். இன்றுமுதல் இந்த அலுவலகத்தில், அந்தக் கோடு, அந்த நடுக்கம், எல்லாம் ஹால்வர் லோவ்டால் போட்டது. ஹெஸ்டர் ஒன்றும் போடவில்லை என்று ஆகும்.

"இல்ல" என்றார். "என் மனைவியோடது."

டெலியா தலையசைத்தாள். எதையோ தட்டினாள். ஹெஸ்டரின் வாக்கு இரண்டாம் முறையும் போனது, இந்தத் தடவை அவரால்.

இதை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமா என்று கேட்டார். டெலியா திரையைத் திருப்பாமல் எழுந்து உள்ளே போனாள். பின்னால் ஒரு ஆள் வந்து வரிசையில் நின்று தொண்டையைச் செருமும் வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தார். கண்கள் வலித்தன, அவ்வளவுதான்.

ரஸ் லாரியை அணைக்காமல் வைத்திருந்தான். ஆயிற்றா என்று கேட்டான்.

"எண்ண மாட்டாங்க."

"என்னய்யா? கையெழுத்துப் போட்டுட்டுத்தான வந்த?"

"உறை மாறிப்போச்சு ரஸ். உள்ள இருக்கறது ஹெஸ்டர் போட்ட ஓட்டு."

ரஸ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தான். பிறகு வண்டியைக் கிளப்பிப் பாலத்தில் ஏற்றினான். கணக்குப் போடுகிறான் என்று ஹால்வருக்குத் தெரிந்தது. முகத்திலேயே ஓடியது.

"அப்போ," என்றான் கடைசியில், "அது எண்ணாம போனது நமக்கு நல்லதுதான்."

சொல்லிவிட்டு உடனே அவன் காது சிவந்துவிட்டது. சாலையையே பார்த்தான்.

ஹால்வர் அதை யோசித்தார். அவன் சொன்னதில் தவறில்லை. ஆறு கீழே பழுப்பாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"ஆமா" என்றார்.