பக்கத்து சீட்டில் சுபேதார்

கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ஐயா, இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதீங்க. ஓரத்துல வர்றது எதுவும் உங்க கண்ணுக்குத் தெரியாது. இருக்கிற பார்வையைக் காப்பாத்திக்கலாம், அவ்வளவுதான்" என்றார்.

சுபேதார் "சரி சார்" என்று மட்டும் சொன்னார். உத்தரவுக்கு எதிர்வார்த்தை பேசிப் பழக்கமில்லாதவர். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் வைத்த காபி ஆடை கட்டியது.

ராணுவத்தில் லாரி டிரைவராகச் சேர்ந்து, சுபேதாராக வெளியே வந்தவர். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் அதலபாதாளம் என்றிருக்கும் பனிப்பாதைகளில் அரிசியும் மண்ணெண்ணெயும் வெடிகுண்டுப் பெட்டிகளும் ஏற்றிப் போனவர். சண்டைக் காலத்தில் செய்த ஒரு காரியத்துக்காகப் பதக்கம் வாங்கியவர். அந்தக் காரியத்தில்தான் அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின.

அவருடைய மனைவியைத் தெருவே சுபேதாரம்மா என்றுதான் கூப்பிடும். பதக்கம் கொடுத்த நாளை அவள் இன்னும் நினைத்துப் பார்ப்பாள். கைக்குழந்தையோடு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு அதிகாரி மைக்கில் நீளமாக எதையோ வாசித்தார். அவளுக்குத் தெரியாத பாஷை. நடுவில் வந்த கணவனின் பெயர் மட்டும்தான் புரிந்தது. எல்லோரும் கை தட்ட, அவளும் குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டினாள். அன்று ராத்திரி கேட்டதற்கு, "வண்டி ஓட்டினேன். எனக்கு வேற என்ன தெரியும்?" என்று சொல்லி முடித்துவிட்டார். பிறகு எத்தனையோ ஊர் மாற்றல், எத்தனையோ குவார்ட்டர்ஸ். பெயர் எழுதிய தகரப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, துணி போர்த்தினால் அதுதான் மேஜை. அந்த மேஜையில் எல்லாக் கதையும் பேசினார்கள், அந்த ஒரு கதையைத் தவிர.

அவளுக்கு ஆறாத குறை ஒன்று உண்டு. கை வெந்துபோய் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகள் பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. போக முடியவில்லை. ரெண்டு கையிலும் கட்டோடு அந்த மனுஷன் எப்படிச் சாப்பிட்டிருப்பார் என்ற நினைப்பு, பந்தியில் உட்காரும்போதெல்லாம் அவளைச் சாப்பிட விடாது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஆணியிலிருந்த சாவியை எடுத்து அவர் முன்னால் ஆட்டினாள்.

"எழுந்திருங்க. எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுங்க."

"உனக்கா? சைக்கிள் மணி அடிச்சாலே சாக்கடைக்குள்ள இறங்குறவ நீ."

"அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி. நீங்க எத்தனை பேருக்குக் கத்துக்கொடுத்திருக்கீங்க? நான் மட்டும் என்ன கொக்கா?"

சுபேதார் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியுமா?

முதல் சில நாள் மைதானம். அவர் பட்டாளத்துக் குரலில் "கிளட்ச்!" என்று அதட்டுவார், அவள் பிரேக்கை மிதிப்பாள். "இது பரேடு இல்லீங்க, கத்தாதீங்க" என்று அவளும் விட்டுக்கொடுக்க மாட்டாள். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்கூட அந்தக் காரைக் கண்டால் ஒதுங்கிப் போகப் பழகிக்கொண்டன.

பிறகு ரோட்டுக்கு வந்தார்கள். ரயில்வே பாலத்தின் ஏற்றத்தில் முன்னால் போன வண்டி நிற்க, அவளும் நிறுத்தினாள். கிளம்பும்போது என்ஜின் அணைந்து, கார் பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் ஒரு பஸ். அதை ஓட்டியவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கத்தவில்லை. அவள் அதுவரை கேட்டிராத ஒரு மெல்லிய குரலில் சொன்னார்: "பஸ்காரன் கத்தட்டும். அவன் கத்துறது அவன் வேலை. நீ வண்டியை மட்டும் கேளு. கிளட்ச்சைக் கொஞ்சமா விடு... உறுமுதா? இப்ப நான் பிரேக்கை எடுக்கிறேன். போ."

கார் ஏறியது. பாலம் இறங்கி ஒரு மரத்தடியில் நிறுத்தினாள்.

"அன்னைக்கும் இப்படித்தான். ஸ்டார்ட் ஆகவே இல்ல" என்றார் அவர்.

"என்னைக்கு?"

"பதக்கம் கொடுத்தாங்களே, அந்த வேலைக்கு." முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார். "எங்க லாரிக்குக் கிட்ட பீரங்கி ஷெல்லு விழுந்து தார்ப்பாய் பத்திக்கிச்சு. உள்ள முழுக்கக் குண்டுப் பெட்டி. பக்கத்துலயே அடிபட்டவங்களைப் படுக்க வச்சிருந்த கூடாரம். எல்லாரும் ஓடுன்னு கத்துறாங்க. நானும் ஓடினேன். பாதி தூரம் போனப்புறம்தான் கும்பகர்ணன் ஞாபகம் வந்துச்சு."

"யாரு அது?"

"என்கூட இருந்த கோ-டிரைவர். வண்டிக்கு அடியில படுத்தான்னா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். திரும்பிப் போய் காலைப் பிடிச்சு இழுத்துப் போட்டேன். அதுக்குள்ள நெருப்பு நல்லாப் பிடிச்சிருச்சு. கூடாரத்துல இருக்கிறவங்களால எழுந்திருக்க முடியாது. இனி ஓட நேரமில்ல. அதான் ஓட்டினேன்."

அவ்வளவுதான் சொன்னார். எரிந்து விழுந்த தார்ப்பாயை இடது கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி, லாரியைப் பள்ளத்தின் விளிம்பு வரை ஓட்டிவிட்டுக் குதித்தார் என்பதை அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. குதித்ததில் வலது மணிக்கட்டும் முறிந்ததாம். சொல்லி முடித்ததும், "கியரைப் போடு, வெயில் ஏறுது" என்றார்.

லைசென்ஸ் கிடைத்ததும் அவள் ஓட்டிய முதல் நெடும்பயணம், அவருடைய பழைய பட்டாளத்துக்காரர்கள் வருஷா வருஷம் கூடும் விருந்துக்கு. எப்போதும் அவர் தனியாகப் போய்வருவார். இந்தத் தடவை கேட்டுக்குள் கார் நுழைந்தபோது, டிரைவர் சீட்டிலிருந்து சேலையைச் சரிசெய்துகொண்டு சுபேதாரம்மா இறங்குவதைப் பார்த்து, நரைத்த மீசைகள் எல்லாம் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தன. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாப்பாட்டு மேஜையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் ஒரு குண்டு மனிதர். "அண்ணி, நான்தான் கும்பகர்ணன்."

அவள் எழுந்துவிட்டாள்.

"உட்காருங்க அண்ணி. உங்ககிட்ட ஒரு புகார் சொல்லணும்னு ரொம்ப வருஷமா காத்திருக்கேன். அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில சோறு ஊட்டி என் உயிரே போயிருச்சு."

"நீங்களா ஊட்டினீங்க?"

"பின்னே? எனக்குக் கால்லதான் அடி. மூணு வேளையும் நொண்டிக்கிட்டே போவேன். வாயைத் திறக்க மாட்டாரு. 'என் பொண்டாட்டி இப்படியா பிசைவா? குழந்தைக்குப் பிசையிற மாதிரி கொழகொழன்னு'ன்னு திட்டுவாரு. திட்டிட்டு, தட்டுல ஒரு பருக்கை விடாம காலி பண்ணுவாரு!"

சுபேதாரம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் தோன்றாமல், பரிமாறுகிறவரின் கையிலிருந்து கரண்டியை வாங்கி, கும்பகர்ணன் போதும் போதும் என்று சொல்லச் சொல்ல அவர் தட்டை நிரப்பினாள். அன்றைக்கு அவளும் வயிறாரச் சாப்பிட்டாள்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"அந்தத் தூங்குமூஞ்சி உன்கிட்ட என்ன அளந்தான்?"

"நீங்க ஆஸ்பத்திரியில சாப்பிடாம அடம்பிடிச்சீங்களாம்."

"புளுகன்! அவன் ஊட்டினதுல பாதி என் மூக்குக்குத்தான் போச்சு. கேளு, ஒரு நாள் என்ன பண்ணினான் தெரியுமா..."

ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரி போய், பனிமலை வந்தது. சங்கிலி சுற்றிய டயர்கள் வந்தன. டீசல் உறைந்த டேங்குக்கு அடியில் தீ மூட்டிக் காய்ச்சிய விடியல்கள் வந்தன. இறந்துபோன தோழர்கள் பட்டப்பெயரோடு ஒவ்வொருவராக வந்து காரில் ஏறிக்கொண்டார்கள். அவர் குரலில் இருபது வயசுப் பையன் ஒருவன் பேசிக்கொண்டிருந்தான்.

அவர்கள் தெருமுனை வந்தது. ஓரத்தில் வருவது அவர் கண்ணுக்குத் தெரியாது. சுபேதாரம்மா இண்டிகேட்டர் போடவில்லை. திரும்பாமல் நேராக, ஊரைச் சுற்றிப் போகும் சாலையில் காரை விட்டாள்.

"உம், சொல்லுங்க" என்றாள்.