வரக்காப்பிக்கு வந்த மாலை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவே இல்லை. ஒரு பத்திரிகைக்காரர் போன் செய்து, "வீட்டுலயே கையால காப்பி போடறதுக்கு என்னென்னமோ சாமான் வந்திருக்குதாமே, எதை வாங்கலாம், எப்படிப் போடலாம்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். சரி என்றுவிட்டேன். முடியாது என்று சொல்ல எனக்கு எப்போதுமே வாய் வராது.

முதல் வரி இப்படி வந்தது: "காப்பி என்பது வெறும் பானம் அல்ல." எழுதிய கையோடு அடித்துவிட்டேன். காப்பி வெறும் பானம்தான். அதற்குத் தத்துவ முலாம் பூசினால் படிக்கிறவர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். நானாக இருந்தால் பத்திரிகையையே மூடிவிடுவேன்.

இரண்டாவது வரி: "உங்கள் வீட்டில் காப்பி குடிப்பவர்கள் எத்தனை பேர் என்று முதலில் பாருங்கள். இருவர் என்றால்"

அங்கேயே நின்றுவிட்டது. யார் அந்த இருவர்? பேச்சுக்குச் சொன்ன இருவர் உரிமையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவர் குழந்தைவேல், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அடுத்து அவர் மனைவி வசந்தாமணி. கட்டுரை அத்தோடு போச்சு.

2

வசந்தாமணிக்கு என்ன குறை வைப்பது என்று யோசித்தேன். சொந்த வீடு இருக்கிறது. மகள் தேவிப்ரியா பெங்களூரில் கைநிறையச் சம்பாதிக்கிறாள். வசந்தாமணிக்குத் தீராத நோய் ஒன்று [வேண்டாம். ஆளுக்கொரு வியாதியைக் கொடுத்துக் கதையை ஓட்டுவது சோம்பேறித்தனம்.]

ஆனாலும் சின்னதாக ஒன்றைக் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது, அதுவும் குழந்தைவேலுவுக்கு. வயிறு. பால் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர், "பாலை அடியோட நிறுத்திருங்க" என்றுவிட்டார்.

பூ, இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து இவர்கள் இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொள்வது காலைக் காப்பியின்போது மட்டும்தான். சண்டை சச்சரவெல்லாம் கிடையாது. மனிதர் பட்டறைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நாளெல்லாம் சுத்தியல் சத்தம் கேட்ட காதோடு வந்து, சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவார். காலையில் சமையல் மேடையில் சாய்ந்து நின்று ஒரு டம்ளர் காப்பி குடிக்கும் நேரத்தில்தான் வாய் திறக்கும். கண்ட கனவைச் சொல்வார். எருமப்பட்டியில் இருக்கும் தம்பியைத் திட்டுவார். அவளும் பதிலுக்குத் தன் அண்ணியைத் திட்டுவாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

பால் நின்றது, காப்பி நின்றது, பேச்சும் நின்றது. இப்போதெல்லாம் ஒரு சொம்பு வெந்நீரைக் கடகடவென்று குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். வெந்நீரை யார் நின்று ரசித்துக் குடிப்பார்கள்? போன வாரம் முழுக்க அவர் அவளிடம் கேட்டது, துண்டு எங்கே, வண்டிச் சாவி எங்கே, அவ்வளவுதான்.

"எனக்குக் காப்பி பெருசில்லீங்க. அந்த மனுசன் பேசோணும்," என்றாள் வசந்தாமணி. [என்னிடம்தான். எழுதுகிறவனிடம் பாத்திரம் பேசக் கூடாது என்று சட்டம் இருந்தால் அதை அவளிடம் போய்ச் சொல்லுங்கள்.] "ஊடே வெறிச்சோன்னு கெடக்குது. எதையாச்சும் பண்ணுங்க சாமி."

(பாதாம் பால் ஊற்றலாமே என்கிறீர்களா? ஊற்றினாள். அவர் வாயில் வைத்த வேகத்தில் வாஷ்பேசினுக்கு ஓடினார்.)

3

ஆக, பால் இல்லாமலே வாய்க்கு விளங்குகிற காப்பி வேண்டும். கட்டுரைக்கென்று நான் சேர்த்துவைத்த விவரங்கள் அவளுக்காவது உதவட்டும்.

வீட்டில் இருந்த ஃபில்டரைத்தான் முதலில் எடுத்தாள். ஃபில்டரில் இறங்கும் டிகாஷன் பாலை நம்பியே பிறந்தது. சிக்கரி வேறு சேர்ந்து கெட்டியாக இறங்கும். அதில் வெந்நீரை விளாவிக் கொடுத்தாள். "கஷாயமாட்ட இருக்குது. இதுக்கு நெலவேம்பே தேவலாம்," என்று கீழே வைத்துவிட்டார் குழந்தைவேல்.

அடுத்து, தேவிப்ரியா ஒரு கண்ணாடி ஜாடி அனுப்பினாள். பிரெஞ்ச் பிரஸ் என்று பெயர். தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி, நாலு நிமிடம் ஊறவிட்டு, மூடியோடு இருக்கும் சல்லடைத் தண்டை மெதுவாக அழுத்தினால் தூள் அடியில் தங்கும், காப்பி மேலே நிற்கும். இதற்குத் தூள் ரவைப் பதத்தில் இருக்க வேண்டும், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். வசந்தாமணி போட்டுக்கொள்ளவில்லை. ஃபில்டருக்கு அரைத்த நைஸ் தூளையே அள்ளிப் போட்டாள். தண்டு பாதியில் இறுகிக்கொண்டது. அவள் விடுகிற ஆளா? இரண்டு கையையும் வைத்து ஒரே அமுக்கு. காப்பி பீறிட்டு அடித்து, எதிர்ச்சுவர் காலண்டரில் இருந்த முருகனுக்கு அபிஷேகமே ஆகிவிட்டது.*

* அடுப்பில் வைக்கும் இத்தாலிக் கெண்டி ஒன்றும் உண்டு. கீழே கொதிக்கும் தண்ணீரை ஆவி மேலே தள்ள, காப்பி தானாகப் பொங்கி வரும். கட்டுரையாக இருந்தால் அதற்கு ஒரு பத்தி கிடைத்திருக்கும். கதையில் இடமில்லை, பாவம்.

மூன்றாவதாக வந்தது பீங்கான் கூம்பு. டம்ளர்மேல் கூம்பு, கூம்புக்குள் காகித வடிகட்டி. முதலில் காகிதத்தை வெந்நீர் விட்டு அலச வேண்டும், இல்லாவிட்டால் காப்பியில் காகித வாடை அடிக்கும். பிறகு தூள். அதன் தலையில் கொஞ்சமே கொஞ்சம் வெந்நீர் விட்டால் தூள் பொசுபொசுவென்று உப்பும். அது உப்பி அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அப்புறம் நூல் மாதிரி மெல்லிசாக, வட்டமாக ஊற்ற வேண்டும். தண்ணீர் சட்டென்று ஓடிவிட்டால் காப்பி புளிக்கும், தேங்கி நின்றால் கசக்கும்.

இந்தமுறை வசந்தாமணி சொன்னதைச் சொன்னபடி செய்தாள். போர்வெல் தண்ணி உப்பு என்று காவேரித் தண்ணியைத் தனியாகப் பிடித்துவைத்தாள். ஏற்காட்டுக் கொட்டையைச் சிக்கரி கலக்காமல் கொரகொரப்பாக அரைத்து வாங்கிவந்தாள். விடிந்ததும் போட்டு, தான் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கசப்பே இல்லை. லேசாக நாவல்பழத் துவர்ப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் ஓர் இனிப்பு.

"அட சாமி! இத்தனை நாளா இது எங்கீங்க இருந்துச்சு?" என்றாள் என்னைப் பார்த்து. எனக்கும் சந்தோசம். கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

குழந்தைவேல் டம்ளரை எட்டிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"என்ன அம்மிணி இது? காலங்காத்தால எழவூட்டுக் காப்பியக் கொண்டாந்து நீட்டறே?"

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவு விழுந்த வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வரக்காப்பிதான், அதாவது பால் விடாத கறுப்புக் காப்பி. ஏற்கெனவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் அலைகிற மனிதரிடம் விடிந்ததும் விடியாததுமாக அதை நீட்டினால் என்ன நினைப்பார்? அவளுக்கு இது தெரியாமல் இல்லை. வாசனை அவளை அந்தப் பக்கம் யோசிக்கவிடவில்லை. என்னையும்தான்.

"நான் இன்னிக்குப் பட்டறைக்குப் போகலை," என்று போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

4

வசந்தாமணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதாலும், நல்ல காப்பியைக் கொட்ட மனசு வரவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வாசல் தெளித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சுப்பம்மாளிடம் டம்ளரை நீட்டினாள்.

சுப்பம்மாள் பார்த்தாள். டம்ளரில் வரக்காப்பி. கொடுக்கிறவள் கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. இந்நேரம் பட்டறைக்குக் கிளம்பியிருக்க வேண்டிய வண்டி வாசலிலேயே நிற்கிறது. எழவு வீட்டில் என்ன, ஏது, எப்படி என்று துருவக் கூடாது. கொடுத்ததை வாங்கிக் குடிக்க வேண்டும். அதுதான் முறை. முறை தெரிந்த சுப்பம்மாள் எதுவும் கேட்கவில்லை. மளமளவென்று குடித்தாள், முந்தானையால் வாயைப் பொத்தினாள், வசந்தாமணியின் கையை இறுகப் பிடித்துவிட்டு உள்ளே ஓடினாள். ஓடியவள் பட்டறைக்குப் போன் போட்டாள்.

[ஒரு டம்ளர் காப்பிக்கு இவ்வளவா என்று எனக்கே சந்தேகம் வந்தது. சுப்பம்மாளை ஒரு வார்த்தை கேட்கவைத்துப் பார்த்தேன். "கேக்கமாட்டனுங்க, அது மொறையில்லீங்க" என்று ஒரே பிடியாக நின்றாள்.]

கொஞ்ச நேரத்தில், பாடி பாதி கட்டிய லாரி ஒன்று வாசலில் வந்து நின்றது. பட்டறையே அதில் ஏறி வந்திருந்தது. முதலில் குதித்தவர் பெயின்டர் மாரியப்பன். கையில் ஆளுயர ரோஜா மாலை. பின்னால் ஒருவர் ஓவென்று அழவே ஆரம்பித்துவிட்டார்.

என்ன சத்தம் என்று பார்க்கக் குழந்தைவேல் கதவைத் திறந்தார். இடுப்பில் லுங்கி, வாயில் பிரஷ்.

மாரியப்பனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஏனுங்ணா... இருக்கறீங்களா?"

"ஏன்டா, எங்க போகச் சொல்றே?"

மாலையைப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார் மாரியப்பன். அது இரண்டு பக்கமும் தெரிந்தது. சுவருக்கு மேலே தெரிந்த சுப்பம்மாளின் தலை சரக்கென்று கீழே போனது. குழந்தைவேலுவுக்கு விஷயம் புரிந்து, கோபம் தலைக்கேறி, இந்தக் கூத்துக்கு யார் காரணம் என்று கத்த வாயெடுத்தார். அதற்குள் மாரியப்பன் மாலையோடு அவரைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். தன்னை நினைத்து ஒரு மனிதர் இப்படி அழுவார் என்று குழந்தைவேல் கனவிலும் நினைத்ததில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை.

"சரி, சரி, உடுடா. உக்காருங்க எல்லாரும்," என்றார்.

5

உட்காரச் சொன்னபின் காப்பி கொடுக்காமல் எப்படி அனுப்புவது? வீட்டில் சொட்டுப் பால் இல்லை. அவர் கண்ணில் பட்டால் ஏங்குவார் என்று வசந்தாமணி பால்காரரையே நிறுத்தியிருந்தாள். கூம்பை எடுத்துவைத்தாள். அது டம்ளர் டம்ளராகத்தான் இறங்கும்.

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் தோன்றின.

குழந்தைவேல் எல்லோரோடும் சேர்ந்து ஒரு வாய் குடித்து, "ஆகா!" என்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். [காப்பித்தூள் விளம்பரத்துக்கு ஆகும்.]

வசந்தாமணி வெறுத்துப்போய்க் கூம்பைக் குப்பையில் எறிகிறாள். [அவளே மறுத்துவிட்டாள். "நல்ல பீங்கானுங்க. எதுக்குங்க எறியறது?"]

நான் மூன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கையில், வாய் கொப்பளிக்க உள்ளே வந்தார் குழந்தைவேல். வசந்தாமணியின் கண் அவர் பக்கம் போனது. தண்ணீர் ஒரே பக்கமாக விழுந்தது. ஓரத்தில் நின்று பார்த்தவருக்குப் பொறுக்கவில்லை.

"கோணையா ஊத்தறே அம்மிணி. பாரு, இந்தப் பக்கம் தூளு காஞ்சே கெடக்குது. குடு இங்க."

கெட்டிலை வாங்கிக்கொண்டார். வெல்டிங் வைத்துப் பழகிய கை. வட்டம் பிசகவில்லை. ஒரு டம்ளர் இறங்கியது. அவள் காகிதத்தை மாற்றிப் புதுத் தூள் போட்டாள். அவர் கொஞ்சம் தண்ணீர் விட்டார். தூள் உப்பியது.

"இப்ப என்ன பண்ணோணும்?"

"சும்மா இருக்கோணுங்க."

"சும்மாவா?"

"ஆமாங்க."

வேறு வழியில்லாமல் மேடையில் சாய்ந்து நின்றார். வெளியே மாரியப்பன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நான் போயிருந்தா, இதையேதான் எல்லாருக்கும் ஊத்தியிருப்பே, இல்ல?" என்றார், கூம்பைப் பார்த்தபடி.

வசந்தாமணிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்னாள். "போனவருக்கு யாருங்க காப்பி ஊத்தறாங்க? எழவூட்டுலயும் அதைக் குடிக்கறது இருக்கறவங்கதானுங்க. அழுது தொண்டை வறண்டு போயிருக்குமே, தெம்பா இருக்கட்டும்னுதான் குடுக்கறது. நான் உங்களுக்கு நீட்டுனதும், நீங்க இருக்கறீங்கன்னுதானுங்க."

அவர் கெட்டிலைச் சாய்த்தார். வட்டமாக ஊற்றினார். அடுத்த டம்ளருக்குத் தூள் உப்பும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"பயமா இருந்துச்சு அம்மிணி. அந்த டாக்டரு இன்னிக்குப் பாலு வேண்டாம்பாரு, நாளைக்குச் சோறு வேண்டாம்பாரு. ஒவ்வொண்ணா நிறுத்திட்டே போனா கடைசியில என்னதான் மிச்சம்னு ஒரே ரோசனை."

"இத்தனையும் மனசுல வெச்சுட்டா திரிஞ்சீங்க? என்கிட்டச் சொல்லறதுக்கென்னங்க?"

"எப்பச் சொல்லறது? காப்பிதான் இல்லையே."

வசந்தாமணி சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அவர் கெட்டிலை வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தோள் துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

6

வெளியே எல்லோருக்கும் காப்பி போய்விட்டது. மேடையில் ஒரே ஒரு டம்ளர் இருக்கிறது. அது அவருக்கானது. அவர் அதைக் குடித்தாரா என்று சொல்வது என் பொறுப்பு. சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். "குழந்தைவேல் டம்ளரை"

"ஏனுங்க," என்று வசந்தாமணி என் பக்கம் திரும்பினாள். "நீங்க இன்னும் இங்கயேவா நிக்கறீங்க? போயி மாரியப்பன்கூட உக்காருங்க சாமி. நாங்க பேசிட்டிருக்கறமில்ல?"

வெளியே வந்துவிட்டேன். மாரியப்பன் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "அண்ணன் குடிச்சாருங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். சமையலறைக் கதவு சாத்தவில்லை. அறிய வேண்டுமென்றால் நீங்கள் போய் எட்டிப் பாருங்கள், நான் தடுக்க மாட்டேன். எனக்கு மனசு வரவில்லை. அவர் என்னவோ சொல்கிறார், அவள் "அப்புறம்?" என்கிறாள்.