எலூல் மாதத்தின் முப்பதாம் நாள்

நாஜி முகாமில் யூதர்களான எங்களுக்குப் பஞ்சாங்கம் நாஃப்தாலிதான். எங்கள் ஊர் முங்காச்சில் ஜெபக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர். கந்தல் நூலில் நாளுக்கொரு முடிச்சுப் போட்டு, எந்தப் பண்டிகை என்றைக்கு என்று சொல்லுவார். யோம் கிப்பூர் என்கிற பாவமன்னிப்பு நாள் புதன் மாலை தொடங்கி வியாழன் மாலை முடிகிறது என்று அறிவித்தார். அந்த ஒரு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதமிருந்தால் வருஷத்துப் பாவமெல்லாம் கழியும். 1944இல் அந்த இடத்தில் நாங்கள் அப்படி என்ன பாவம் செய்துவிட்டோம் என்று கேட்காதீர்கள். நான் உருளைக்கிழங்குத் தோல் திருடினேன், அவ்வளவுதான்.

எனக்குப் பதினாறு வயது. வந்த அன்றே அம்மாவும் தங்கையும் புகையாகிப் போனதிலிருந்து எனக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா ஃபைவல் மட்டும் அவரோடு உறவை முறிக்கவில்லை.

செவ்வாய் மாலை தலை எண்ணியபோது ஒருவன் குறைந்தான். தண்டனையாக, மறுநாள் பொழுது சாயும்வரை ரொட்டியும் கிடையாது, சூப்பும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. புதன்கிழமை இருட்டிய பிறகு ரொட்டி வந்தது. பட்ட காலிலேயே படும் என்பார்களே, அதற்குள் நாஃப்தாலியின் விரதம் தொடங்கிவிட்டது. அப்பா தன் ரொட்டித் துண்டை என் கையில் வைத்தார்.

"சாப்பிடுங்கப்பா. இந்த வாரம் ஆள் பொறுக்க வருவாங்க. ஓட முடியாதவங்கள உயிரோட விடமாட்டாங்க. உயிருக்கு ஆபத்துன்னா விரதத்தை முறிக்கலாம்னு நம்ம சட்டமே சொல்லுதுல்ல?"

"சொல்லுது. ஆனா ஃபிஷல், பகல் முழுக்கக் கிடந்தது அவங்க போட்ட பட்டினி. இது நானா கிடக்கிறது. ரெண்டும் ஒண்ணாடா?"

"வயித்துக்கு ஒண்ணுதான்."

"வயித்தைக் கேட்டுக்கிட்டாடா விரதம் இருப்பாங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஜெபம் செய்பவர்கள் முன்னால் போய் நின்று, இரண்டு ரொட்டியையும் சத்தமாக மென்று தின்றேன். மறுநாள் சூப்பையும் அப்படியே உறிஞ்சினேன். இடி ஒன்றும் விழவில்லை. விழுந்திருந்தால் கொஞ்சம் நம்பியிருப்பேன்.

வியாழன் பிற்பகல் புதிதாக ரயிலில் வந்தவர்களில் ஒரு பள்ளி வாத்தியாரை எங்கள் கொட்டடியில் விட்டார்கள். ஜெப முணுமுணுப்பைக் கேட்டு அவர் திருதிருவென்று விழித்தார்.

"என்னய்யா இது? யோம் கிப்பூர் நேத்தே முடிஞ்சுதே! நாங்க ரயில்லயே விரதம் இருந்துட்டோம்."

நாஃப்தாலி நூலை எடுத்து எண்ணினார். மறுபடி எண்ணினார். பண்டிகைக்கு முந்தின எலூல் மாதத்துக்கு இருபத்தொன்பது நாள்தான். அவர் முப்பது முடிச்சுப் போட்டிருந்தார். உண்மையான விரதம் செவ்வாய் மாலை தொடங்கிப் புதன் மாலையே முடிந்துவிட்டது.

ஆக, நாஜிகள் புண்ணியத்தில் நான் ஒரு குறையுமில்லாமல் விரதம் இருந்திருக்கிறேன். கடவுளை அவமதிக்க நான் தின்றதெல்லாம் வெறும் வாரநாள் சாப்பாடு. அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"உன் பாவமெல்லாம் கழிஞ்சுபோச்சுடா, திருட்டுப் பயலே! அவர்கிட்டேருந்து நீ எங்க தப்பிக்கிறது?"

ரொட்டி வருவதற்குள் விசில் வந்தது. ஆள் பொறுக்க வந்துவிட்டார்கள். ஒவ்வொருவராக ஓடச் சொன்னார்கள். இரண்டு நாள் பட்டினி கிடந்த அப்பாவின் கால்கள் நாலாவது அடியிலேயே மடங்கின. அவரை இடப்பக்கம், சாகப்போகிறவர்களோடு நிறுத்தினார்கள். நான் ஓடிவிட்டேன். என்னை ஓட வைத்தது அவருடைய ரொட்டி.

மறுநாள் காலை நாஃப்தாலி என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாலதான்ப்பா... ஒரே ஒரு முடிச்சு... என்னை மன்னிச்சிடுப்பா."

"மன்னிக்கிற நாள் புதன்கிழமையே முடிஞ்சுபோச்சு, ஐயா" என்றேன்.

அவர் தேம்பித் தேம்பி அழுதார். அந்த மனுஷரை மன்னித்திருக்கலாமே என்று இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. கடவுளை மன்னிக்காதது ஒருநாளும் உறுத்தியதில்லை.