விட்டுக்கொடுத்த ஆட்டம்

டெர்வ்லா சவப்பெட்டியின் ஓரத்தில் முழங்கையை ஊன்றி, அப்பாவின் விறைத்த விரல்களுக்கு அடியில் ஒரு சின்னப் புத்தகத்தைச் செருகப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் இடம் கொடுக்கவில்லை. ஜெபமாலை வேறு குறுக்கே சிக்கியது.

"கோட்டுப் பையில வை," என்றாள் கார்மல். "கையில ஒண்ணு போதும்."

"பையில வச்சா யாருக்குத் தெரியும்? அவர் எழுதின ஒரே புத்தகம்மா இது."

"அவருக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

டெர்வ்லா பையில்தான் வைத்தாள், ஆனால் முக்கால்வாசி வெளியே தெரியும்படி. அவள் மாலக்கியின் மகள். சொன்னதைச் செய்வாள், தன் அளவில்.

மாலக்கி புதன்கிழமை விடியலில், படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தார். இதயம். இன்று வியாழன், நாளை காலை அடக்கம். முன்னறையிலிருந்த சோபாவைக் கொட்டகைக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். இரண்டு மணிக்குக் கதவைத் திறந்ததிலிருந்து வரிசை குறையவில்லை. வருகிறவர்கள் கார்மலின் கையைப் பிடித்து, "மனசுக்கு ரொம்ப வருத்தமா இருக்கு" என்பார்கள். பெட்டியருகே ஒரு நிமிடம் நிற்பார்கள். "பாக்க நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தேநீரும் பன்றியிறைச்சி சாண்ட்விச்சும் எடுத்துக்கொள்வார்கள். உயிரோடிருந்த கடைசி ஐந்து மாதத்தில் மாலக்கியைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அந்தப் புத்தகம் இருபத்துநான்கு பக்கம். கில்கோரன் கோல்ஃப் கிளப்பின் பதினெட்டுக் குழிகளையும் எப்படி ஆட வேண்டும் என்று மாலக்கி எழுதியது. மாவட்டச் சாலைகளுக்கு அவர் பொறியாளராக இருந்தவர். மைதானம் முழுவதையும் காலடியால் அளந்து, எந்த மரத்திலிருந்து எத்தனை கஜம், எந்தச் சரிவில் பந்து எந்தப் பக்கம் உருளும் என்று குறித்து வைத்திருந்தார். 'முதல் குழி: நேராக அடித்தால் போதும். இங்கே ஆட்டத்தை ஜெயித்தவர் கிடையாது, தோற்றவர் உண்டு.' 'ஆறாவது: ஓடைக்கு முன்னால் நிறுத்துங்கள். தாண்டியவர்களின் கதைகளை மதுக்கூடத்தில் கேட்கலாம். தாண்டாதவர்கள் பேசுவதில்லை.' 'ஒன்பதாவது: கொடி எங்கே நின்றாலும் கண்டுகொள்ளாதீர்கள். குழியைச் சுற்றிய புல்தரையின் நடுவைப் பாருங்கள்.' பதறாத காரியம் சிதறாது என்பதைப் பதினெட்டு விதமாகச் சொல்லியிருந்தார்.

பதறாமல் ஆடி ஆடித்தான் அவரும் கார்மலும் முப்பத்தோரு வருடம் தோற்றார்கள். கிளப்பில் ஆண்டுதோறும் கணவன் மனைவிக்கென்று ஒரு போட்டி நடக்கும். ஜோடிக்கு ஒரே பந்து. ஆளுக்கொரு அடியாக மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஜெயித்த ஜோடியின் பெயரை வாசல் கூடத்து ஓக் பலகையில் தங்க எழுத்தில் எழுதுவார்கள். பல் டாக்டர் ஃபின்டனும் அவர் மனைவியும் அதில் மூன்று தடவை ஏறியிருந்தார்கள். கார்மலுக்கு ஓடையைத் தாண்டுகிற கை இருந்தது. மாலக்கிதான் வேண்டாம் என்பார். அவளும் ஓடைக்கு முன்னால் நிறுத்துவாள். கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் மாலக்கி அந்தப் பலகையைப் பார்க்காதவர் மாதிரி போவார். பார்க்காமல் இருக்க அவர் படும் பாட்டைக் கார்மல் பார்த்திருக்கிறாள்.

இந்த வருடம் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். சனிக்கிழமை ஃபின்டன் ஜோடியோடு ஆட வேண்டும்.

வரிசை சற்றுத் தளர்ந்தபோது டெர்வ்லா அம்மாவின் காதருகே குனிந்தாள். அவள் கண் அழுது சிவந்திருந்தாலும் முகத்தில் ஒரு மலர்ச்சி.

"உனக்கு ஒண்ணு சொல்லணும். ஃபின்டன் நாலு மணிக்கு உள்ள வந்து சொல்றேன்னு இருக்காரு, நான் சொன்னேன்னு காட்டிக்காதே. சனிக்கிழமை ஆட்டத்தை உங்களுக்கு விட்டுக்கொடுக்கப் போறாங்க."

"யாருக்கு?"

"உனக்கும் அப்பாவுக்கும். கிளப்புல எல்லாருக்கும் சம்மதம். அடுத்த வாரமே பலகையில எழுதிடுவாங்க." டெர்வ்லாவின் குரல் உடைந்தது. "அப்பா பேரு, அம்மா. கடைசியில."

கார்மல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்காக இருபது நிமிடம் இருந்தது.

விட்டுக்கொடுப்பதற்கு இந்த ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. எதிராளி முகத்தைப் பார்த்து ஒரு தரம் சொல்லிவிட்டால் முடிந்தது. சொன்னவர் திரும்பப் பெற முடியாது, கேட்டவர் வேண்டாம் என்று மறுக்கவும் முடியாது. ஃபின்டன் இந்த அறைக்குள் வந்து வாயைத் திறந்துவிட்டால் மாலக்கியின் பெயர் பலகையில் ஏறிவிடும், பக்கத்தில் அவள் பெயரும்.

அது ஏறக்கூடாது. ஏன் என்று அவள் யாரிடமும் சொல்லப்போவதுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி ஆட்டம் பிலோமினாவோடும் அவள் கணவர் ஜார்லத்தோடும் நடந்தது. பதின்மூன்று குழி முடிந்தபோது சரிக்குச் சரி. பதினான்காவது இடப்பக்கம் வளைந்து போகும். வளைவில் பீச் மரத்தோப்பு. முதல் அடி மாலக்கியுடையது. பந்து நேரே தோப்புக்குள் போய் எதிலோ மோதும் சத்தம் கேட்டது. அடுத்த அடி கார்மல் அடிக்க வேண்டும். புத்தகத்தில் அந்தக் குழிக்கு அவர் எழுதியிருந்தது அவளுக்கு மனப்பாடம்: 'மரத்துக்குள் போய்விட்டால், கிடக்கிற இடத்திலிருந்து குட்டை மட்டையால் பக்கவாட்டில் வெளியே தட்டிவிடுங்கள். ஐந்து அடியில் முடிந்தால் நல்ல கணக்கு. வீரம் காட்ட இது இடமில்லை.'

நடக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்ததால் மாலக்கி வண்டியில் வந்துகொண்டிருந்தார். அன்று அவர்தான் முதலில் இறங்கித் தோப்புக்குள் போனார். குட்டை மட்டையை உருவிக்கொண்டு கார்மல் பின்னால் போனாள். அவள் பந்தைப் பார்ப்பதற்கு முன்பே, அவர் நீள மட்டையை அவளிடம் நீட்டிக்கொண்டு நின்றார்.

நீள மட்டையால் வேர்மேல் கிடக்கும் பந்தை அடிக்க முடியாது. பந்து காய்ந்த சருகுமேல் சுத்தமாக உட்கார்ந்திருந்தது. ஒரு சாண் தள்ளி, கணுக்கால் கனத்தில் ஒரு வேர். அதன்மேல் பாசி புதிதாகப் பிய்ந்திருந்தது. பக்கத்தில் மாலக்கியின் ஷூ முனை பதிந்த தடம். கிடந்த பந்தைக் காலால் நகர்த்துவது இந்த ஆட்டத்தில் களவு.

சக ஆட்டக்காரன் மழையில் பந்தைத் துடைத்தால்கூட முறைக்கிற மனிதர். ஒரு தடவை, யாருமே பார்க்காதபோது பந்து தானாக அசைந்துவிட்டது என்று சொல்லித் தனக்குத்தானே ஒரு அடி தண்டம் போட்டுக்கொண்டு தோற்றவர். கார்மல் அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. மரங்களுக்கு நடுவில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கோடை அவருக்கு இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அவள் குட்டை மட்டையை மரத்தில் சாய்த்துவிட்டு, நீள மட்டையை வாங்கினாள். அடித்தாள். பந்து வளைவை அறுத்துக்கொண்டு போய்ப் புல்தரையில் விழுந்தது. அந்தக் குழியை ஜெயித்தார்கள், அதற்கடுத்த இரண்டையும். இரண்டு குழி மீதியிருக்க ஆட்டம் முடிந்தது.

வீட்டுக்கு வந்தும் இருவரும் அதைப் பேசவில்லை. செவ்வாய் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாலக்கி, "இந்த வருஷம் பேரு ஏறிடும் போலிருக்கு," என்றார். அவர் எதற்கோ காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. திட்டினால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். "டீ ஆறுது, குடி," என்றாள் அவள். காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

"எங்கம்மா போற?"

"காத்து வாங்க."

கார்மல் கறுப்புக் கவுனோடு, வீட்டுச் செருப்போடு, சமையலறை வழியாகப் பின்கதவைத் திறந்து வெளியே போனாள். சாண்ட்விச் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் விலகி வழி விட்டார்கள். துக்கத்தில் இருப்பவளை யார் தடுப்பார்கள்.

வருகிறவர்களின் கார்களைப் பக்கத்து வயலில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். கிளப் ஆட்கள் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு கை காட்டினார்கள். வயல் முனையில் ஃபின்டன், ஒரு கிழவரின் காரைக் குழிக்குள் விடாமல் பின்னால் வரவைத்துக்கொண்டிருந்தார். கார்மல் ஈரப்புல்லில் நடந்து வருவதைப் பார்த்ததும் காரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஐயோ கார்மல், நீங்க ஏன் வந்தீங்க? நானே உள்ள வரலாம்னுதான்... சனிக்கிழமை விஷயமா நானும் என் வீட்டுக்காரியும்—"

"ஃபின்டன், வாயை மூடுங்க."

அவர் மூடினார். பிறர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய மனிதர்.

"நானும் மாலக்கியும் ஆட்டத்தை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறோம்," என்றாள் கார்மல். அவசரத்தில் மூச்சு வாங்கியது. "சொல்லிட்டேன். முகத்தைப் பாத்துச் சொல்லிட்டேன்."

"நாங்க உங்களுக்குக் கொடுக்கலாம்னு இருந்தோம்."

"தெரியும். அதான் ஓடி வந்தேன்."

ஃபின்டன் மஞ்சள் சட்டையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். "இனி மாத்த முடியாதே. உங்களுக்குச் சட்டம் தெரியும்ல?"

"முப்பத்தோரு வருஷம் அதைப் படிச்சவரோட குடும்பம் நடத்தியிருக்கேன்."

"அவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாதா கார்மல்?"

"அந்தக் கார் குழிக்குள்ள போகுது பாருங்க," என்றாள். நிஜமாகவே போய்க்கொண்டிருந்தது.

அவள் உள்ளே வருவதற்குள் சேதி வந்திருந்தது. இது மாதிரி ஊரில் சேதிக்குச் செருப்பு வேண்டாம். டெர்வ்லா மாடிப்படியின் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்?"

"ஆடாம ஜெயிக்கிறது அப்பாவுக்குப் பிடிக்காது."

"பொய் சொல்லாதே. அப்பாவுக்கு அது வேணும். நீயும் நானும் பாத்திருக்கோம். உனக்கு ஒரு வார்த்தை, 'சரி'ன்னு. அதைச் சொல்ல முடியல உனக்கு." டெர்வ்லா குரலை உயர்த்தவில்லை. வீடு நிறைய ஆட்கள். "உன் வீம்புக்கு அவர் செத்தும் தோத்துட்டாரு."

கார்மலிடம் அதற்குப் பதில் இருந்தது. ஒரே நொடியில் மகளின் வாயை அடைத்துவிடக்கூடிய பதில். டெர்வ்லாவின் அப்பாவை அவளிடமிருந்து பிடுங்கி, கையில் வேறொருவரைக் கொடுத்துவிடும் பதில். "மூக்கைத் தொடைச்சுக்கோ, ஆளுங்க வர்றாங்க," என்றாள். டெர்வ்லா அறைக்குள் வந்து பெட்டியின் மறுபக்கம், அம்மாவிடமிருந்து முடிந்த மட்டும் தள்ளி நின்றுகொண்டாள்.

வேலை முடிந்து வருகிறவர்களால் ஐந்து மணிக்கு வரிசை மறுபடி நீண்டது. நாற்பது கை, ஐம்பது கை. கார்மலின் விரல்மூட்டு வலித்தது. ஃபின்டனின் மனைவி வந்து கண்ணீரோடு ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். சிலர் அவளைப் புனிதவதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். சிலர் பார்வை அப்படியில்லை.

பிலோமினா தனியாக வந்தாள். ஜார்லத் பசுக்களைக் கறந்துவிட்டு வருவார் என்றாள். ஊர் டாக்டரிடம் நர்ஸாக இருப்பவள். வேலைச் சட்டைமேலேயே ஒரு கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். கார்மலின் கையைப் பிடித்தாள், ஆனால் வருத்தமா இருக்கு என்று சொல்லவில்லை. சிறிது நேரம் மாலக்கியைப் பார்த்தாள்.

"விட்டுக்கொடுத்துட்டியாமே."

"ஆமா."

பிலோமினா கிட்டே வந்தாள். எதிரே நின்ற டெர்வ்லாவுக்குக்கூடக் கேட்காத குரலில் பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை நான் சரிவுல நின்னேன். ஜார்லத் பந்து அங்கதான் கிடந்தது. அங்கேருந்து பாத்தா தோப்புக்குள்ள அந்த வேர் நல்லாத் தெரியும், கார்மல்."

கார்மல் ஒரு தரம் டெர்வ்லா பக்கம் பார்த்தாள்.

"ஜார்லத்கிட்டகூடச் சொல்லல. பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவ அவருக்கு ரத்தம் எடுத்தவ நான். எத்தனை நாள்னு எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தா அந்தக் குழி எங்களுக்கு வந்திருக்கும். கேக்க வேண்டாம்னு தோணிச்சு. அவரு எடுத்துக்கட்டும்னு மனசறிஞ்சுதான் விட்டேன்." பிலோமினா மூச்சை இழுத்து விட்டாள். "நீ என்னடான்னா அதைத் தூக்கி அந்தப் பல் டாக்டர் கையில குடுத்துட்ட."

கார்மலுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் முதல் தடவை. அடக்கப் பார்த்தாள், அது வேறாக மாறிக் கண்ணை முட்டியது. எதிரே டெர்வ்லா நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. பிலோமினாவுக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு கிழவர், அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள், அதற்கும் பின்னால் வாசல் தாண்டி முற்றம் வரை ஆட்கள் நின்றார்கள். யாரும் நெருக்கவில்லை. கிழவர் தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

கார்மல் பிலோமினாவின் கையை விடவில்லை.