பாதி மின்னேற்றத்தில் ஒரு மேடு

1

உலக இலக்கியத்தில் முதல் முயற்சியிலேயே முழுமை அடைந்த கதை இது ஒன்றுதான். இதைப் பணிவாகச் சொல்ல வழி இருந்தால் அப்படியே சொல்லியிருப்பேன். நான் எதையும் இரண்டாம் முறை செய்வதில்லை. திருத்துவது, திரும்ப எழுதுவது, கழுவித் துடைப்பது எல்லாம் தன்னம்பிக்கை இல்லாதவர்களின் பொழுதுபோக்கு.

கதை பிறந்த விதத்தை மறைக்கப் போவதில்லை. என் பெயர் ஜெஸ்வின். திருச்சியில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். துறை மலருக்கு ஆய்வகத்தைப் பற்றி வேடிக்கையாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். வேடிக்கை என்றதும் எங்கள் ஆய்வகத்தின் தேவதர்ஷினி அக்கா நினைவுக்கு வந்தார். உடனே தொடங்கினேன்:

காவிரியில் வெள்ளம் கரைபுரண்டு

[கைவிடப்பட்டது. பாலத்தில் பஸ் போகும்போது எட்டிப் பார்த்தேன். மணலில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது.]

சோடியம் என்றொரு நாடோடி

[கைவிடப்பட்டது. சோடியம் ஆள் அல்ல. இதுவும் முதல் முயற்சியின் ஒரு பகுதியே.]

2

தேவதர்ஷினி அக்கா ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருகிறவர். ஐந்து வருடமாக முனைவர் பட்டத்துக்காக சோடியம் பேட்டரியோடு மல்லுக்கட்டுகிறார். அதன் நேர்முனை பாஸ்பேட். அதை சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை மின்னேற்றினால் சோடியம் அறையைக் காலி செய்து கிளம்பும். பேட்டரியைப் பயன்படுத்தினால் திரும்பி வரும். வினோதம் என்னவென்றால், ஆள் போனால் இந்த லாட்ஜின் சுவர்கள் நெருங்கும், வந்தால் விலகும். போகப்போகச் சுவரில் விரிசல் விழும், பேட்டரியின் ஆயுள் குறையும். சுவர் எப்போது, எப்படி நகர்கிறது என்று பார்ப்பதுதான் அக்காவின் வேலை.

பார்க்கும் விதம் இது. கால், பாதி, முக்கால் என்று வெவ்வேறு அளவுக்கு மின்னேற்றிய பேட்டரி செல்களைப் பிரித்து, உள்ளே இருக்கும் பொடியைச் சுரண்டி, கைக்கு அடக்கமான கல்வத்தில் அரைத்து, எக்ஸ்ரே கருவியில் வைப்பார். கருவி மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரையும். மேடுகள் இருக்கும் இடத்தை வைத்து அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு பொடிக்கும் முன்னால் கல்வத்தை மூன்று முறை கழுவுவார். ஸ்ரீரங்கத்துத் தண்ணீர் குடித்தாலே இந்த மடி ஆசாரம் வந்துவிடுமா என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க வீடு பேக்கரி மாடியில இருக்கு. அங்க இருந்தா மடி வராது, மைதாதான் வரும்" என்று சொல்லி மூன்றாவது முறை கழுவினார்.

[இந்த இடத்தில் வாசகர் அக்காவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது ஆசிரியரின் திட்டம்.]

3

பாதி மின்னேற்றிய பொடியில், போன மாதம், வேறெதிலும் இல்லாத ஒரு சின்ன மேடு வந்தது. நிரம்பிய லாட்ஜும் இல்லை, காலி லாட்ஜும் இல்லை. பாதி சோடியம் போன பிறகு மீதி வரிசையாக இடம் மாறி உட்கார்ந்த மூன்றாவது அமைப்பு. அக்காவின் கலவையில் இப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. அக்கா அதே பொடியை மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் மேடு அங்கேயே இருந்தது.

வழிகாட்டி இருதயநாதன் சார் ஐந்து வருடமாக "புதுசா என்னம்மா இருக்கு?" என்று நின்றபடியே கேட்டுவிட்டுப் போகிறவர். அன்று எதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த மேட்டுக்கென்று ஆய்வேட்டில் ஒரு தனி அத்தியாயம் முளைத்தது. சமர்ப்பிக்க இரண்டு மாதம் இருந்தது. அக்கா எல்லோருக்கும் தேங்காய் பன் கொண்டுவந்தார். நான் இரண்டு தின்றேன்.

4

[இந்தப் பகுதி மலருக்குத் தேவையில்லை. நீக்கிவிடலாம். நீக்கினால் கதை இன்னும் வேடிக்கையாக இருக்கும்.]

பாதிப் பொடியை அரைத்தது நான். அக்கா அடுத்த செல்லைப் பிரித்துக்கொண்டிருந்ததால் என்னை அரைக்கச் சொன்னார். அன்று காலை அதே கல்வத்தில் என் புராஜெக்டின் மாங்கனீசுப் பொடியை அரைத்திருந்தேன். டிஷ்யூ பேப்பரால் ஒரு துடை துடைத்தேன். பளிச்சென்று இருந்தது.

இந்தக் கதைக்காக அதையெல்லாம் நினைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. என் பொடியின் கோட்டை எடுத்து அக்காவின் கோட்டுக்கு மேல் வைத்துப் பார்த்தேன். என் மேடு ஒன்று அக்காவின் மேட்டை உரசிக்கொண்டு நின்றது. ஒன்றுதான் என்றும் சொல்ல முடியவில்லை, வேறு என்றும் சொல்ல முடியவில்லை. ஐந்து வருடத்தின் ஒரே புதுச் செய்தி என் அழுக்காக இருக்கலாம்.

முடிவு அ: கதாநாயகன் யாரிடமும் சொல்லவில்லை. வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த மேட்டின் மேல் விரலை வைத்து, "இது என்னம்மா" என்று

[கைவிடப்பட்டது. இந்த வரியோடு நோட்டை மூடிவைத்தேன்.]

முடிவு ஆ: கதாநாயகன் கண்ணீர் மல்க

[கைவிடப்பட்டது. அவன் அப்படிப்பட்டவன் அல்ல.]

5

செவ்வாய்க்கிழமை காலை சொன்னேன். அக்கா அந்த அத்தியாயத்தைத்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"பாதிப் பொடிய அரைக்கறதுக்கு முன்னாடி நான் கல்வத்தக் கழுவலைக்கா."

விரல்கள் நின்றன. அக்கா திரும்பவில்லை.

"எத வச்சுத் தொடச்ச?"

"டிஷ்யூ."

"பன் திங்கும்போதே தெரியுமா?"

"இல்லக்கா. மூணு நாளாத்தான் தெரியும்."

"மூணு நாளா என்ன பண்ணிட்டிருந்த?"

"கதை எழுதிட்டிருந்தேன்."

அவர் கோப்பைச் சேமித்து மூடினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் வெகுநேரம் துடைத்தார். பிறகு பெட்டியிலிருந்து புதிய செல் ஒன்றை எடுத்து மின்னேற்றியில் மாட்டினார்.

"பாதிக்கு ஏற ரெண்டு நாள் ஆகும். சார்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீ குறுக்க பூந்து காமெடி பண்ணாத."

6

இன்று வியாழன். செல் பாதியில் நிற்கிறது. எக்ஸ்ரே கருவி மூன்று மணிக்கு எங்களுக்கு. மேடு மறுபடி வந்தால் அத்தியாயம் நிலைக்கும். வராவிட்டால் அதைக் கிழித்துவிட்டு, ஐந்து வருடத்தில் புதிதாக ஒன்றும் இல்லை என்பதை அக்கா நூற்றைம்பது பக்கங்களில் எழுத வேண்டியிருக்கும். எது வேண்டுமோ அந்தக் கோட்டை நீங்களே வரைந்துகொள்ளுங்கள். எனக்கு எது வேண்டும் என்று கேட்காதீர்கள்.

இப்போது மணி பதினொன்றரை. அக்கா செல்லைப் பிரிக்கிறார். அரைக்கும் வேலையை மறுபடியும் என்னிடமே கொடுத்திருக்கிறார், ஏன் என்று சொல்லவில்லை. சோப்பு, அமிலம், காய்ச்சி வடித்த தண்ணீர், ஆல்கஹால் என்று வரிசையாகக் கழுவி, கல்வத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். பளிச்சென்று இருக்கிறது.

அக்கா இந்தப் பக்கம் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து, சத்தமில்லாமல், இரண்டாம் முறை கழுவத் தொடங்குகிறேன்.