கைகளைத் தூக்கினால் முடிந்தது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் கணக்குப் பரீட்சை எழுதி முடித்ததும் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, மேற்பார்வைக்கு வந்திருந்த மிஸ்ஸைப் பார்த்து புன்னகைத்துவிட்டு உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்து ஓய்ந்ததும், ஏதோ தப்புச் செய்துவிட்டவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பார்வையை எழுதத்தான் உட்கார்ந்தேன். அது இன்னும் வரவில்லை. கதை மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

(நான் எழுத்தாளன் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். நிறையப் படிப்பேன், அவ்வளவுதான்.)

2

முதல் தொடக்கம்: "பீமின் மேல் அவள் காற்றைப் போலப் பறந்து—"

அடித்துவிட்டேன். பறக்கவெல்லாம் இல்லை. பீம் என்பது ஒரு பாதம் மட்டுமே கொள்ளும் நீண்ட மரச்சட்டம். அதன் மேல் நிற்கும்போது அவள் முகம், பல்லில் சிக்கியதை நாக்கால் தேடுகிறவள் முகம் போல இருக்கும்.

இரண்டாம் தொடக்கம்: "பள்ளி ஒரு தோளில், ஜிம்னாஸ்டிக்ஸ் மறு தோளில் என இரு உலகங்களைச் சுமக்கும் இச்சிறுமி—"

இது பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர் எழுதியது. நான் இல்லை.

மூன்றாவது: "வெட்டுக்கிளிக்கு* வயிறு பசித்தது."

இது நிஜம். அவளுக்கு எப்போதும் பசிக்கும்.

* அவள் அம்மா வைத்த பெயர். நடக்கப் பழகும் முன்பே சோபாவிலிருந்து குதித்தவள். நிஜப் பெயரைப் போட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். வகுப்பில் ஏற்கனவே போதுமான கிண்டல் நடக்கிறதாம்.

3

வெட்டுக்கிளிக்கு வயிறு பசித்தது. கடைசி இரண்டு பீரியடுக்கு முன்பே பள்ளியிலிருந்து கிளம்ப அவளுக்கு அனுமதி உண்டு. தலைமையாசிரியை அறை வாசலில் தவம் கிடந்து அம்மா வாங்கிய அனுமதி அது. கேட்டுக்கு வெளியே அம்மா ஸ்கூட்டரை முடுக்கியபடியே நிற்பாள். இவள் ஏறி உட்கார்ந்து வாழைப்பழத்தை உரிப்பதற்குள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சத்தம் வரும்.

"முக்கோணத்தோட பரப்பளவு?"

"அரை, அடிப்பக்கம், உயரம்!" வாய் நிறையப் பழம்.

"அதை வெச்சு என்ன பண்ணணும்? கூட்டணுமா, பெருக்கணுமா, கும்பிடணுமா?"

"பெருக்கணும்மா!"

சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார். "சரியாத்தாம்மா சொல்றா."

"நீங்க ரோட்டைப் பாருங்க சார்."

வெட்டுக்கிளி படித்ததெல்லாம் இப்படித்தான், அம்மாவின் முதுகைப் பார்த்தபடி. பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தால் தட்டின் முன்னாலேயே தூங்கி வழிவாள். அப்புறம் எங்கே புத்தகத்தைத் திறப்பது?

4

அம்மா என்ற கதாபாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் பிரதியில் அவள் மகளிடம், "விழுவது தோல்வியில்லை கண்ணே, எழாமல் இருப்பதுதான்" என்றாள். வெட்டுக்கிளி என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள்.

"யாருப்பா இது?"

"அம்மா."

"எந்த அம்மா? நம்ம அம்மா இப்படிப் பேசவே மாட்டாங்க. 'விழுந்தியா, முட்டியைக் காட்டு, எரியுதா, எரியட்டும்'னு சொல்லுவாங்க. அப்புறம் ஊதுவாங்க."

"அதை எழுதட்டுமா?"

"ஊதினதை எழுதாத. கோச் அக்கா படிச்சா ஓட்டியே கொன்னுடுவாங்க."

(எழுதிவிட்டேன். கோச் அக்கா இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.)

இன்னொரு புகாரும் உண்டு. கதையில் அம்மா என்னைவிட உயரமாக இருக்கிறாளாம். அளந்து பார்த்தால் அவள் என் காது வரைதான் வருவாள். ஆனால் எழுத உட்கார்ந்தால் நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. இதைத் திருத்தப் போவதில்லை.

5

"அன்று காலை மருத்துவமனையில் அவள் கையை—"

இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன்.

ஸ்கூட்டர் எனக்கு வந்தது. கடையில் கேட்டுக்கொண்டு மதியத்தில் ஓடிவந்து மகளை ஜிம்முக்குக் கொண்டுபோய் விடுகிறேன். நடுரோட்டில் கத்த எனக்கு வராது. ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "வேண்டாம்ப்பா" என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள். அதற்குப் பிறகு பேசாமலேதான் போய்வருகிறோம்.

மதிப்பெண்கள் சரிந்தன. கணக்கு மிஸ் என்னைக் கூப்பிட்டார். கதைக்கு ஒரு வில்லி கிடைத்தாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். கிடைக்கவில்லை.

"அவ விளையாட்டைக் கெடுக்கணும்னு எனக்கு ஆசையா சார்? இந்தப் பரீட்சையில பாஸ் பண்ணலைன்னா மதியம் சீக்கிரம் அனுப்ப முடியாது. எனக்கும் மேல ஆள் இருக்காங்க."

கோச் அக்காவும் மறைக்கவில்லை. "மதியப் பயிற்சி இல்லைன்னா அணியில இடம் பிடிச்சு வைக்க முடியாதுண்ணா. இவளுக்குப் பின்னாடி வரிசையில நிக்குறாங்க."

ஆக, எல்லாம் ஒரே ஒரு கணக்குப் பரீட்சையில் வந்து நின்றது.

6

ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு வழக்கம். பீமில் ஏறும் முன் நடுவரைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்க வேண்டும். இறங்கியதும் மறுபடி தூக்க வேண்டும். இரண்டாவது தடவை தூக்கிவிட்டால் முடிந்தது. நடுவில் கால் சொதப்பியிருந்தாலும், போய் இன்னொரு தடவை ஏற முடியாது.

வெட்டுக்கிளி கடைசிக் கணக்கைப் போட்டு அடிக்கோடு இழுத்தாள். அவள் யோசிப்பதற்குள் கால்கள் எழுந்துவிட்டன, கைகள் தாமாகவே மேலே போயின.

"என்னம்மா, பேப்பர் வேணுமா?" என்றார் மேற்பார்வை மிஸ்.

"ஃபிளைட் கிளம்புதுடோய்" என்றது பின்வரிசை.

காது சிவக்க உட்கார்ந்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. கடைசிக் கணக்கில் முக்கோணம். அடிப்பக்கத்தையும் உயரத்தையும் பெருக்கியிருந்தாள். அரையைக் காணோம். நேரம் வேண்டிய மட்டும் இருந்தது. பேனா கையில்தான் இருந்தது. மூடியை எடுத்துப் பேனாவை மூடினாள்.

வீட்டில் நாங்கள் சிரித்து ஓய்ந்த பிறகுதான் இதை என்னிடம் சொன்னாள்.

"ஏம்மா திருத்தல?"

"கையைத் தூக்கிட்டேனேப்பா."

"அது ஜிம்முல கண்ணு."

"தெரியும்." சிறிது நேரம் நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "உக்காந்தப்புறம் அம்மா கத்துற மாதிரி கேட்டுச்சு. கொஞ்சம் லேட்டா கேட்டுச்சு."

இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்து போய் விளக்கைப் போட்டேன்.

7

முடிவுகள்.

(அ) பாஸ். விடை தப்பானாலும் வழிமுறைக்கு மார்க் கொடுத்ததில் கரையேறிவிட்டாள்.

வெட்டுக்கிளி: "பொய் மாதிரி இருக்கு."

(ஆ) ஃபெயில். ஜிம் பையை அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டு அவள் மற்ற பிள்ளைகளைப் போலவே மணியடித்ததும்—

வெட்டுக்கிளி: "இது அதைவிடப் பொய். மேல்தட்டுல இடமே இல்லை."

(இ) கணக்கு மிஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, விடைத்தாளை நீட்டி, "திருத்திக்கோ" என்கிறார்.

வெட்டுக்கிளி: "அய்யே! மிஸ் செத்தாலும் அப்படிப் பண்ண மாட்டாங்க. பண்ணினாலும் நான் தொட மாட்டேன்."

"அப்போ எப்படித்தான் முடிக்கிறது?"

"நீ ஏன்ப்பா முடிக்கிற? நாளைக்குத்தானே பேப்பர் குடுக்கிறாங்க."

8

பள்ளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எங்கள் இரண்டு பேரையும் கணக்கு மிஸ் வரச் சொல்லியிருந்தார். கதவருகே வந்ததும் வெட்டுக்கிளி என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, "நீ இங்கயே இரு" என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனாள்.

நாற்காலி நகரும் சத்தம் வருகிறது. மிஸ்ஸின் குரல். இவள் குரல். என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடவில்லை.

வெளியே வந்ததும் என்னைத்தான் பார்ப்பாள். முதலில் நான் ஏதாவது சொல்ல வேண்டும். அவள் அம்மாவாக இருந்தால் யோசித்திருக்கவே மாட்டாள். வாயைத் திறந்தால் சரியானது வந்து விழுந்திருக்கும். நான் எழுதித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

"என்னாச்சு?" இது மார்க்கை விசாரிப்பது, அவளை இல்லை. அடித்துவிட்டேன்.

"பரவாயில்லம்மா." பாஸ் ஆகியிருந்தால்? அடித்துவிட்டேன்.

"வா, போலாம்." எங்கே? பள்ளி கேட்டிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் ஜிம், இடப்பக்கம் வீடு. அதையும் அடித்துவிட்டேன்.

உள்ளே பேச்சு நின்றுவிட்டது. ஷூ சத்தம் கதவை நோக்கி வருகிறது. இன்னும் ஒரு நொடியில் அவள் முகத்தை நான் பார்த்துவிடுவேன். அது எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை, அவளே சொன்னால் உண்டு. ஆனால் அந்த முதல் வார்த்தை இன்னும் என்னிடம் இல்லை. உங்களுக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கலாம். ஏதாவது தோன்றினால் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.